பாஸ்போர்ட் அளவு

பள்ளத்தூர்க் கண்மாய்ச் சேற்றில்
குப்புறப் படுத்து நாற்பது நிமிடம்.
கழுத்தில் ஓர் எறும்பு. தட்டவில்லை.

முதலில் ஒன்று, மிளகளவு.
பிறகு சேறே இடம் மாறுவதுபோல்
நூறு, ஐநூறு, அப்புறம் எண்ணவில்லை.
எல்லாம் பக்கவாட்டில் நடந்தே
என் முன்னால் வந்து சேர்கின்றன.

கடையில் தினம் முப்பது தடவை சொல்வேன்:
நேராப் பாருங்க, காது தெரியட்டும், இமைக்காதீங்க.
இவற்றுக்குக் காதில்லை, கழுத்துமில்லை.
நேர் என்றால் எந்தப் பக்கம்
என்று நிமிரும் குச்சிக் கண்கள்.

ஒரு கிளிக்.
சேறு காலி. ஊசித் துளைகள்.

மறுபடி மூச்சடக்கிக் காத்து
அவை பாதி வெளியே வந்த நேரம்
கரையிறங்குகிறாள் சிந்தாமணி,
இருநூறு வாத்துகளுடன்.
"என்னக்கா, விழுந்துட்டீகளா?"

எழாமலே கையாட்டினேன்,
அந்தப் பக்கமா ஓட்டு.
"எந்தப் பக்கம்?"
வாத்துகள் கேட்கவில்லை, வந்துவிட்டன.
அலகுகளுக்கு அளவெடுக்கத் தேவையில்லை.

இரவு கடையில் ஒவ்வொன்றாய் அழித்தேன்.
மிஞ்சியது ஒன்று:
ஒற்றைக் கொடுக்கு தூக்கிய குஞ்சு,
ஈரச் சேற்றில் வானம் விழுந்து
பின்னணி, விதிப்படி, வெள்ளை.

மூன்றரைக்கு நாலரையாக வெட்டி
எட்டுப் பிரதி போட்டேன்.