ஈஸ்வராவின் அடியில்

முன்சக்கரம் இரண்டையும் பலகைச் சரிவில் ஏற்றி
பின்சக்கரத்துக்குக் கல் அண்டைகொடுத்து
போன தேர்தலின் பதாகையைத் தரையில் விரித்தேன்.
வேட்பாளரின் சிரிப்பில் சரியாக என் முதுகு.
பீடோங் வட்டாரத்தில் அவர் தாங்கிய முதல் பாரம்.

பட்டறையில் நூற்றிருபது வெள்ளி.
சாமான் மட்டும் வாங்கினால் எழுபத்திரண்டு.
மிச்சம் நாற்பத்தெட்டு என்று நாள்காட்டியில் எழுதினேன்.
கணக்கு அது மட்டுமில்லை.
"வீட்டுல யாரும் வரலையாக்கா" என்று
அந்தப் பட்டறைப் பையன் ஒவ்வொரு முறையும்
என் தோளுக்குப் பின்னால் ஓர் ஆளைத் தேடுவான்.

செம்பனை மில்லின் எடைமேடையில்
பதினோரு வருடமாக லோரிகளை நிறுக்கிறேன்.
குலையோடு வரும்போது ஒரு தடவை
காலியாய்ப் போகும்போது ஒரு தடவை.
வயிறுகளை எண்ணாகத்தான் தெரியும்.
அடிவயிற்றைக் கண்ணால் பார்ப்பது இன்றைக்குத்தான்:
காய்ந்த செம்மண், சிலந்தியின் முட்டைப்பை,
நான் கவனிக்காமல் ஏறிய ஏதோ ஒரு மேட்டின் தழும்பு.

பதினேழு நம்பர் ஸ்பானர்.
போல்ட்டு அசையவில்லை.
மூச்சைப் பிடித்து, காலை உந்தி, மறுபடியும்.
"ஈஸ்வரா!" என்று கத்தினேன்.
சாமியையா, காடியையா, எனக்கே தெரியவில்லை.
புரோட்டோன்காரன் இந்தப் பெயரை வைத்தபோது
நாம் இப்படியும் கூப்பிடுவோம் என்று
நினைத்திருக்க மாட்டான்.

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம்
இரண்டு ஜப்பான் செருப்புகள் வந்து நின்றன.
மரியசூசை.
அரையடி நிலத்துக்காக மூன்று வருடம் பேசாதவர்.
செருப்புகள் யோசித்தன. போயின.
பிறகு வேலிக்கடியில் உருண்டு வந்தது
ஒரு முழ இரும்புக் குழாய்.
கூட ஒரு சொல்லும் வரவில்லை.

ஸ்பானரின் பிடியில் குழாயை மாட்டி இழுத்தேன்.
ணங்.
முழங்கை வரை சூடு.
முதலில் கயிறாக, பிறகு நூலாக,
பிறகு மனசில்லாத சொட்டுகளாக இறங்கியது கறுப்பு.
மில்லின் எண்ணெய் சிவப்பு. வெந்த பழத்தின் வாடை,
இரண்டு தடவை குளித்தாலும் தலைமுடியில் இருக்கும்.
இதில் இருப்பது ஐயாயிரம் கிலோமீட்டர்:
வீடு மில்லு, மில்லு வீடு,
ஒரே ஒரு தடவை பினாங்கு ஆஸ்பத்திரி
ராத்திரி, மழையில்,
பக்கத்து இருக்கையில் எக்ஸ்ரே உறை மட்டும்.

ஃபில்டர் வழுக்கியது. மணல்தாள் சுற்றித் திருகினேன்.
புதியதன் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி
கைவலுவில் இறுக்கி
மேலே வந்து, புனல் வைத்து, ஊற்றினேன்.
தேன் நிறம். அழகாக இருந்தது.
கீழேயும் அழகாக ஒழுகியது.
போல்ட்டு என் சட்டைப்பையில் இருந்தது.

வேலிக்கப்பால் ஒரு சத்தம்.
இருமல் என்று முதலில் நினைத்தேன்.
மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
எனக்குக் கோபம் வந்து, பாதி வழியில் நின்றுவிட்டது.
நல்லவேளை, மூன்றரை லிட்டர் வண்டி, நான்கு லிட்டர் போத்தல்.
போனது அந்த அரை.

கறுப்பை இரண்டு சமையல் எண்ணெய் போத்தல்களில் அடைத்து
பெரிய எழுத்தில் ஒட்டினேன்: வடை சுட அல்ல.
"அதைக் கொட்டிடாதம்மா" என்றார் மரியசூசை,
மலையைப் பார்த்தபடி.
"கம்பத்துக்குப் பூசணும். கரையான்."
எந்தக் கம்பம் என்று நான் கேட்கவில்லை.
குழாயையும் ஒரு போத்தலையும் வேலிக்கடியில் உருட்டினேன்.

சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு
கொஞ்சம் யோசித்து அணைந்தது.

மாலையில் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன்:
தகராறுக் கம்பம், கன்னங்கரேலென்று, ஈரமாய்.
என் பக்கமும் சேர்த்துப் பூசியிருந்தார்.
கம்பம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

திங்கட்கிழமை எடைச்சீட்டை நீட்டினேன்.
லோரிக்காரன் என் நகங்களையே பார்த்தான்.
"எண்ணெய் மாத்தினேன்" என்றேன்.
தோளுக்குப் பின்னால் அவனும் எட்டிப் பார்த்தான்.
அங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.