முப்பத்தொன்பது

இந்த முறையும் அறிக்கை சுத்தம்.
டாக்டர் அதை நல்ல சேதிபோல் நீட்டினார்.

பாலை விட்டேன். வெங்காயத்தை விட்டேன்.
கறுப்பு ரொட்டியை விட்ட அன்று
வெண்ணெய்க் கத்தியைக் கழுவிக்கொண்டே அழுதேன்.
வயிறு மட்டும் எதையும் விடவில்லை;
காலையில் மாட்டிய பாவாடைக் கொக்கி
மூன்று மணிக்கெல்லாம் ஊக்குக்கு வழிவிடும்.

ரீகாவில் சேறாகிக் கிடந்தது பனி.
டிராமில் ஒரு பையன் எழுந்து இடம் தந்தான்.
“எத்தனை ஆச்சு?” என்றாள் அவன் தாய்.
“முப்பத்தொன்பது” என்றேன், பொய் சொல்லாமல்.
நான் எண்ணியது மாதம்.
அவள் காதில் விழுந்தது வாரம்.
“அப்படியென்றால் இன்றோ நாளையோ!”
முகமெல்லாம் விளக்கு.

மறுக்கத் தெம்பில்லை. உட்கார்ந்தேன்.
இருக்கையில் இன்னும் பையனின் சூடு.
உள்ளே ஏதோ கடமுடவென்று புரண்டது.
“உதைக்குதா?”
“தாலிஸ், சும்மாயிரு!”

“தினமும்” என்றேன் அவனிடம்.