பின்னட்டை

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
கோழிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அச்சகம்.
கலியாண அட்டை, பில் புத்தகம், முப்பத்தோராம் நாள் நினைவு மலர்,
இடைக்கிடை ஒரு நாவல்.
பக்கம் அமைப்பது நான்.

எழுதுகிறவர்கள் எழுதுகிறவர்களைப்போல் வருவதில்லை.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் வருவார்கள்.
உர மூட்டையை மோட்டார் சைக்கிளில் விட்டுவிட்டு
அடிக்கடி ஜன்னலால் எட்டிப் பார்ப்பார்கள்.

போரதீவுப் பக்கத்து வட்டவிதானை நல்லரெட்ணம்
நீர் விநியோக அட்டவணையின் பின்புறத்தில்
காதல் கவிதை எழுதிக்கொண்டு வந்தார்.
முன்பக்கத்து மை ஊறிப் பின்னால் வந்திருந்தது.
"நீ வருவாயென்று விழித்திருந்தேன்" என்ற வரிக்கு அடுத்து
"நாலாம் வாய்க்கால், திறப்பு அதிகாலை மூன்று மணி"
என்பதையும் சேர்த்தே அடித்துவிட்டேன்.
புறூப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கிடக்கட்டும்," என்றார், "அதுவும் விழிச்சிருந்ததுதானே."

பாண்டிருப்புச் சடாட்சரம் மீன் ஏலம் கூறுகிறவர்.
பேனை பிடித்தால் கதை நின்றுவிடுகிறதாம்.
இருநூற்றுப் பதினேழு குரல் பதிவாக
வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது நாவல்.
அழகி என்பார். பேரழகி என்பார்.
இல்லை இல்லை, கண்டவன் படகைக் கவிழ்த்துவிடுவான் என்பார்.
எந்தச் சொல்லில் விழுத்துவதென்று தெரியாமல்
நான் விசைப்பலகையில் கையை வைத்தபடி இருப்பேன்.

தேத்தாத்தீவுத் தவமலர் மிசி,
குடும்பநல மாதுவாக இருபத்தாறு வருடம்.
நிறை, உயரம், தடுப்பூசித் திகதி எழுதிப் பழகிய
கட்டம் கட்டமான கையெழுத்தில்
நூற்றெண்பது பக்கத்துக்கு மூன்று கொலை.
ஏன் மிசி என்று கேட்டேன்.
"பிறப்பெழுதி அலுத்துப் போச்சு தம்பி."
நான்காம் அத்தியாயத்தில் பிணத்தின் நிறை
கிலோக் கணக்கில் இருந்தது, தசமம் ஒன்றுடன்.

வாழைச்சேனை ஆலையில் வைக்கோலைக் கூழாக்கிய மாசிலாமணி
கொண்டுவந்ததை மேசையில் வைக்கவேயில்லை.
எங்கள் கடதாசியை இரண்டு விரலுக்கிடையில் உரசினார்,
காதருகே பிடித்து உதறினார்.
எந்த ஊர்?
இந்தோனேசியா.
பிறகு வருகிறேன் என்று போனார்.
இரண்டு மாரி கழிந்துவிட்டது.
சிறுகதைகள் என்று மட்டும் தெரியும்.

கடைசியாக மிஞ்சுவது பின்னட்டை.
படம், பிறந்த ஊர், தொழில்: எட்டு வரி.
முந்நூறு பக்கத்தை ஒரே வீச்சில் தந்தவர்கள்
இந்த எட்டு வரிக்கு நாலு தரம் மாடியேறுவார்கள்.
சிற்றூழியரை அரச ஊழியர் ஆக்குவார்கள்.
அடகுகடைக் கணக்குப்பிள்ளை ஒருவர்
நிதித்துறை என்று போடச் சொன்னார்.
போட்டேன்.

நிந்தவூர் ஹாஜறா உதுமாலெவ்வை
தொழிலுக்கு நேரே இல்லத்தரசி என்று எழுதியிருந்தார்.
நாவல் முழுவதும் ஒரு குவைத் சமையலறை.
உட்பக்கம் தாழ்ப்பாள் இல்லாத கதவு,
பதினொரு நோன்புப் பெருநாள்,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்த பேனை.
"லாத்தா, இல்லத்தரசி சரியா?"
"எந்த இல்லமெண்டு நான் போடல்லியே."

சிரித்தார், நானும் சிரித்தேன்.
பிறகு அந்தச் சொல்லையும் எடுக்கச் சொன்னார்.
பின்னட்டையில் வெற்றிடம் விட்டால்
முதலாளி ஏசுவார்.
படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.
ஒலுவில் கடற்கரையில் மகள் எடுத்தது,
காற்றுக்கு முக்காட்டைப் பிடித்தபடி நிற்கிறார்.
பெரிதானதும் கை துலங்கியது.
மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக
கொதியெண்ணெய் ஓடிய தடம்.

வெட்டச் சொல்வார் என்று
பழைய அளவிலும் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன்.

நெடுநேரம் பார்த்தார்.
கீழே கோழிகள் சத்தம் போட்டு ஓய்ந்தன.
பைக்குள்ளிருந்து சிவப்புப் பேனையை எடுத்துத்
தன் பெயரைச் சுழித்தார்.

"ஹாஜராவா?
றானா போடுங்க தம்பி.
அங்கதான் பதினொரு வருசமும்
பேரப் பிழையாக் கூப்பிட்டாங்க."