கிராம் கணக்கு

காலை நாலே முக்கால்.
ஊலு நகரம் மைனஸ் இருபத்தொன்றில் விறைத்துக் கிடக்கிறது.
முதல் பேருந்தை எடுக்குமுன்
மூன்று கினிப்பன்றிகளை எழுப்ப வேண்டும்.
எழுப்புவதாவது!
குளிர்பெட்டிக் கதவின் ரப்பர் உரிகிற சத்தத்துக்கே
வீடெல்லாம் விசில்.

மாவு நிறுக்கும் தராசு. அதன்மேல் சூப்புக் கிண்ணம்.
கிண்ணத்துக்குள் ரூயிஸ்.
எண்ணூற்றுத் தொண்ணூற்றேழு.
நேற்று தொள்ளாயிரத்து நாலு.
ஏழு கிராம் எங்கே போனதென்று
யாரைப் போய்க் கேட்க?
ஒருமுறை மூத்திரம் பெய்தால் போகிற எடைதான்.
ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

அவனுக்குக் கடைவாய்ப் பற்கள்
நாக்கின்மேல் பாலம் கட்டும்.
ஆறு வாரத்துக்கொருமுறை மருத்துவர் நூர்மேலா
மயக்கம் கொடுத்து, வாயைப் பிளந்து
பாலத்தை இடித்துத் தருவார்.
வாய் ஆறும்வரை ஊட்டுவது என் வேலை.
புல்மாவு, வெதுவெதுப்பான நீர், முனையில்லாத ஊசிக்குழல்.
ஒரு மில்லி. மெல்லட்டும். இன்னொரு மில்லி.
அவசரப்பட்டால் புரையேறும்.
தாடையில் வழிந்தது என் சீருடைக் கையிலும் காய்ந்திருக்கும்.
பிப்ரவரியில் புல் வாசம் வருகிறதே என்றார்
பல்கலைக்கழக நிறுத்தத்தில் ஏறிய ஒருவர்.
பயணச்சீட்டைக் கொடுத்தேன்.

புவோலுக்காவுக்கு ஒரு கண் இல்லை.
எக்ஸ்ரே படத்தைக் காட்டி
‘இதயம் பெரிதாக இருக்கிறது’ என்றார்கள்.
பாராட்டுகிறார்கள் என்று
நான் ஒரு நொடி சிரித்துவிட்டேன்.
பன்னிரண்டு மணிக்கொரு துளி மருந்து.
காலை ஐந்து. மாலை ஐந்து.

மாலை ஐந்துக்கு நான்
ஆற்றுப்பாலத்தின்மேல் அறுபது பேரோடு நிற்பேன்.
அதனால் என்சியோ வருகிறான்.
விவாகரத்தின்போது சாவியைத் திருப்பிக் கொடுத்தவனிடம்
அதே சாவியைக் கொடுத்தேன்,
கினிப்பன்றிக்காக மட்டும் என்று சொல்லி.

நாங்கள் பார்த்துக்கொள்வதில்லை.
நோட்டு ஒன்று இருக்கிறது.
நான்: ரூயிஸ் 897. ஊட்டியது 12 மில்லி.
அவன்: மருந்து கொடுத்தாயிற்று. புழுக்கை ஒன்பது. சிறியவை.
நான்: சோம்புக்கீரை வாங்கு.
அவன்: வாங்கினேன்.
பதினாறு வருடக் கல்யாணத்தில்
இவ்வளவு ஒழுங்காக நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

மூன்றாமவன் ஹெர்ரா.
குப்பை அறையில் வாழைப்பழ அட்டைப்பெட்டிக்குள்
மூன்றும் கிடந்த அன்று
முதலில் எழுந்து வைக்கோல் தின்றவன் அவன்தான்.
அவனுக்கு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததால் கடைசியில் நிறுப்பேன்.
நேரமானால் நிறுக்காமல் ஓடுவேன்.

ஒரு வியாழக்கிழமை, பெரிய எழுத்தில்:
‘ஹெர்ராவின் கட்டம் நாலு நாளாகக் காலி.
நிறுத்தேன். 1012. போன வாரம் 1090.
குனிந்து குனிந்து மூத்திரம் பெய்கிறான், முனகுகிறான்.
நூர்மேலாவிடம் கொண்டுபோகிறேன்.’

சிறுநீர்ப்பையில் கல்.
பட்டாணி அளவு.
எத்தனை நாளாக, என்று மருத்துவர் கேட்டபோது
என்சியோ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.
தெரியவில்லை என்றானாம்.

அறுவை முடிந்து
துண்டில் சுருண்டவனை மடியில் வைத்திருந்த இரவு
நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
காலிக் கட்டங்கள் நாலு மட்டுமில்லை.
நோயாளிகளின் எண்கள் பக்கம் பக்கமாய் நிறைந்திருக்க
நல்லாயிருப்பவனின் வரிசையில் வெள்ளைவெள்ளையாய்ப் பொத்தல்.

‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றுதான்
என்சியோவும் சொல்லுவான்,
கேட்ட போதெல்லாம்.
கேட்ட போதெல்லாம் என்பது
அதிகம் இல்லை.

இப்போது ஹெர்ராவை முதலில் நிறுக்கிறேன்.
1021. 1019. 1034.
கல் திரும்பி வரும் என்கிறார்கள். வரட்டும், பார்க்கலாம்.
தண்ணீரை இரண்டு கிண்ணத்தில் வைக்கிறேன்.
பரட்டைக்கீரையை நிறுத்தியாயிற்று.
அதற்காக என்மேல் கோபமாக இருக்கிறான்.

நேற்றுக் காலை, மூன்று எண்களுக்கும் கீழே,
பேனாவை மூடிய பிறகு, திரும்பவும் திறந்து
‘நீ?’ என்று எழுதிவிட்டுப் போனேன்.
நாள் முழுக்க
ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறந்து மூடிற்று.

இரவு வந்து பார்த்தால்
மருந்துக்கும் புழுக்கைக்கும் அடியில்
அவனுடைய கோணல் எழுத்து:
‘ரை ரொட்டி, இரண்டு துண்டு. வெண்ணெய்.
உன் சூப்பில் கொஞ்சம்.’

எத்தனை கிராம் என்று எழுதவில்லை.