பித்தளை ஜிப்

கீழக்கரை பஜாரில்
குடைக்கும் கைப்பெட்டிக்கும் நடுவே
மூன்று தோல் ஜாக்கெட் தொங்கின.
சித்திரை. பகல் பதினொரு மணி.
இபுராம்சா கடையின் மின்விசிறி
வெந்நீரைக் கலக்குவதுபோல் காற்றைக் கலக்கியது.

"யாருக்கு தங்கச்சி, அண்ணனுக்கா?"
எனக்கு என்றேன்.
"வெளிநாடு போறியளா?"
மண்டபம் போகிறேன், தினமும்.
அவர் சிரிக்கவில்லை. அது பிடித்தது.

முதலாவது காப்பிக்கொட்டை நிறம்.
முழங்கை தேய்ந்து, காலர் வெளுத்து,
யாரோ பத்து வருஷம் கைவிட்டு நடந்ததுபோல்
பாக்கெட் ஓரம் மடங்கி.
யார் போட்டது என்று கேட்டேன்.
"யாரும் போடலை. புதுசுதான்.
வின்டேஜ் ஸ்டைல்னு பேரு.
கம்பெனியிலேயே உரசி அனுப்புறான்.
அதுக்குத்தான் எண்ணூறு கூட."

எண்ணூறு ரூபாய், பழசாக இருப்பதற்கு.
எங்கள் தங்கச்சிமடத்தில்
உப்பு அதைச் சும்மா செய்து தருகிறது.
ஜன்னல் கம்பி, ஃபேன் றெக்கை,
போன தையில் வாங்கிய கேஸ் அடுப்பு,
ரெமிஜியுஸ் கல்யாணத்துக்குக் கட்டிய வாட்ச்.
எதையும் உரச வேண்டாம்.
வாங்கி வைத்தால் போதும்.

இரண்டாவதை மோந்து பார்த்தேன்.
மழைக்கோட்டு வாசனை.
ரெக்சின்தானே என்றதும்
அவரே கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

மூன்றாவது கறுப்பு.
அகன்ற காலர், இடுப்போடு நிற்கும் பழைய வெட்டு,
மார்பின் குறுக்கே கோணலாக ஓடும் ஜிப்.
தேய்ப்பு இல்லை.
கையில் வாங்கினேன்: இரண்டு கிலோ நூறு.
ஏழு வருஷமாக இறால் நிறுக்கிறவள்.
பக்கத்துக் கடையில் தராசு இருந்தது.
வேண்டாம் என்றேன்.

பையிலிருந்து காந்தம் எடுத்தேன்.
வீட்டு ஃபிரிட்ஜ் கதவில்
ஷிப்ட் சீட்டைப் பிடித்திருக்கும் மீன் பொம்மை.
காப்பிக்கொட்டை ஜிப்பில்
இடுப்புக் குழந்தையாய் ஒட்டிக்கொண்டது.
இரும்பு. கார்த்திகை தாண்டாது.
கறுப்பில் வழுக்கி விழுந்தது.
பித்தளை.
இபுராம்சா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
இன்னொரு முறை என்னைப் பார்த்தார்.

போட்டேன்.
தோள் தையல் தோளிலேயே நின்றது.
கைகளை முன்னால் நீட்டி
இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்தேன்.
மணிக்கட்டு எலும்பு வெளியே வரவில்லை.
முதுகு இழுக்கவில்லை.
வியர்வை மட்டும் வேலையை ஆரம்பித்தது.

"நெசமாச் சொல்லுங்க, இது எதுக்கு?"
காரணம் தயாராக வைத்திருந்தேன்.
விடியக்காலை நாலரைக்குப் பாலம் தாண்டுகிறேன்,
ஆடிக் காற்று வண்டியைக் கடல் பக்கம் தள்ளும்,
குளிரறையில் மைனஸ் பதினெட்டு.
எல்லாம் உண்மை. ஒன்றும் காரணமில்லை.
கண்ணாடியில் ஒருத்தி நின்றாள்.
எங்க போற என்று அவளை
யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.
கேட்டிருந்தாலும்
ஜிப்பை மேலே இழுத்திருப்பாள், அவ்வளவுதான்.

"தேஞ்சது நல்லாப் போகுது, அத எடுங்களேன்."
தேய்க்கிற வேலைய நானே பாத்துக்கிறேன்ணே.

நாலாயிரத்து இருநூறு.
மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும்,
நிழலில் தொங்கவிடணும்,
தேங்காயெண்ணெய் தொடவே கூடாது என்றார்.
நோட்டில் இறால் வாடை.
எண்ணி முடிக்கும்வரை
மூக்கைச் சுளிக்கவில்லை.

வண்டி சர்வீசில் கிடந்தது.
கடைப் பை காதறுந்து போனது.
போட்டுக்கொண்டே ராமநாதபுரம் பஸ் ஏறினேன்.
கண்டக்டர் மீதிச் சில்லறையை
இரண்டு தடவை கொடுத்தார்.

திருப்புல்லாணியில் ஏறிய பையன்,
விரலெல்லாம் நுங்குத் தண்ணீர்,
என் பக்கத்தில் உட்கார்ந்து
கைப்பகுதியைத் தொட்டுப் பார்த்தான்.
"அக்கா, குளிருதா?"
முதுகுத்தண்டில் ஒரு வாய்க்கால்
இறங்கிக்கொண்டிருந்தது.
லேசா, என்றேன்.
அவன் எழுந்து எக்கி
ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டான்.