பிராக்கு

கிளினிக் கொப்பியில்
என் வருத்தத்துக்கு நீட்டுப் பெயர்.
அம்மாவிடம் இருந்தது ஒரு சொல்தான்:
பிராக்கு.
"பிராக்குப் பாக்காமல் சாப்பிடு."
நாற்பத்தொரு வயதில்
அதற்கும் குளிசை இருக்கிறதென்றார்கள்.

முதல் மாதம் பத்து மில்லிகிராம்.
வாய் காய்ந்தது.
இரண்டாம் மாதம் இருபது.
மினிபஸ் கொண்டக்டர் தகரத்தில் தட்டுவதுபோல்
நெஞ்சு தட்டித் தட்டி
"போ, போ" என்றது.
நான் போகவில்லை.
மூன்றாம் மாதமும் கட்டிலுக்குக் கீழே
கோதுமை மாப் பையொன்றில்
அறுபத்துநாலு விடைத்தாள்,
திருத்தாமல்.

திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்து ரியூட்டரியில்
நான் கெமிஸ்ரி மிஸ்.
வெண்கட்டி கையில் இருக்கும்வரை ஒன்றும் பிழைக்காது.
இலத்திரன் எங்கே தாவும் என்று
நூற்றியிருபது பிள்ளைகளுக்கு நான் சொல்லுவேன்.
ஸ்கூட்டித் திறப்பு எங்கே என்று
அவர்கள் எனக்குச் சொல்லுவார்கள்.

ஒருநாள் மோட்டரைப் போட்டுவிட்டு மறந்தேன்.
தாங்கி வழிந்து, மதில் ஊறி,
பக்கத்து வீட்டில் காயப்போட்ட
செத்தல் மிளகாய் மிதந்தது.
கபிலதாசன் ஒன்றும் பேசவில்லை.
சுவிச்சுக்கு மேலே ஒரு துண்டு ஒட்டினார்:
"மோட்டர்!"
நாலு நாள் அது கண்ணில் பட்டது.
ஐந்தாம் நாள் அதுவும் சுவர்.

போனில் அலாரம் வைத்தேன்.
அடிக்கும். நிறுத்துவேன்.
நிறுத்திய விரல் வேறெதையோ திறக்கும்.
ஒக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று
அன்றிரவு ஒருமணிக்கு
எனக்குத் தெரிந்திருக்கும்.

"குளிசை போட்டனீரா?"
போட்டேன்.
போட்டேனா?

கிளினிக் நாள். இலக்கம் எண்பத்துமூன்று.
பெரியாஸ்பத்திரி வாங்கில்
இந்தப் பக்கம் வயர்க்கூடையோடு ஒரு மனுசி,
அந்தப் பக்கம் காலை ஆட்டியபடி ஒரு பெடியன்.
ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.
ஒருவரும் எழும்பிப் போகவுமில்லை.
சும்மாதான் பையைத் திறந்தேன்.
சிவப்புப் பேனை.
பக்கத்தில் அவர்கள் மூச்சுவிட மூச்சுவிட
என் கை ஓடியது.
இலக்கம் கூப்பிடும்போது
இருபத்தொரு தாள் முடிந்திருந்தது.

"மருந்தால் ஏதும் வித்தியாசம்?"
"மருந்தால் இல்லை டொக்டர். வாங்கால்."

அவர் சிரிக்கவில்லை.
ஏதோ எழுதினார், அந்த எழுத்து எனக்கு விளங்காது.
"வேறொரு மருந்து இருக்கு. கொழும்பிலை இருந்து வரோணும்."
பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து,
"அதுவரைக்கும் வாங்கிலை இருங்கோ."

அடுத்த செவ்வாய் எனக்குக் கிளினிக் இல்லை.
போனேன்.
அற்றென்டன் றெஜினாக்கா பிடித்துவிட்டா:
"மிஸ், இண்டைக்கு உங்களுக்கு இல்லையெல்லோ?"
"இல்லையக்கா. கொஞ்சம் இருந்திட்டுப் போறன்."
மடியில் கிடந்த தாள்களைப் பார்த்தா.
"அப்ப ஃபானுக்குக் கீழை இருங்கோ."

வருத்தக்காரர் கூடினால் எழும்பிவிடுவேன்.
சுவரில் தாளை வைத்து
நின்றபடியும் திருத்தலாம்.
எல்லா நாளும் நடப்பதில்லை.
சில செவ்வாய் வாங்கும் சுவராகிவிடும்,
மூன்று மணித்தியாலம் இருந்து
ஒரு மூலைவிட்டம்கூடக் கீறாமல் வந்திருக்கிறேன்.
ஸ்கூட்டியில் அழுதும் வந்திருக்கிறேன்,
ஹெல்மெற்றுக்குள்.

அறுபத்துநாலாவது தாள் வேணுஜனுடையது.
அவன் எழுதியது மார்கழியில்.
இது ஆவணி.
பையன் ரொறன்ரோவுக்குப் போயும் ஐந்து மாதம்.
என்றாலும் கூட்டினேன், எழுபத்தொன்று.
படம் எடுத்து அனுப்பினேன்.
அங்கே நடுச்சாமம். உடனே பதில்:
"மிஸ், மூண்டாம் கேள்விக்கு இன்னும் ரெண்டு வரும்."

பார்த்தேன்.
வரும்.

வெட்டி, எழுபத்துமூன்று என்று போட்டு,
கையொப்பம் வைத்து,
வீடு வந்து கேற்றைத் திறக்கிறேன்.
தண்ணீர் வழிகிற சத்தம்.