ஏழாம் இடம்

கல்முனையில் இரவு ஒன்பதரை.
நாளைக்கு நாலு கழகமும் முறைவைத்து ஆள் எடுக்கும்.
முதல் ஆறு பேரில் சண்டையில்லை.
ஏழில் நிற்கிறோம்.
மூன்றாம் தரமும் தேத்தண்ணி ஆறுகிறது.

சஸ்மில், என்கிறார் இஸ்ஸதீன் சேர்.
"முப்பது மீற்றர், நாலு தசம் ரெண்டு.
மணிக்கூடு பொய் சொல்லாது."
ஜெனற்றா மிஸ் சிரிக்கிறா.
"பந்தில்லாம மானும்தான் ஓடும்.
கஜீபன்ட றிவேர்ஸ் அடியப் பாத்தீங்களா?"
"பாத்தன். ஒருக்கா."
"ஒருக்கா காணும்."

எனக்கு வேலை பென்சில் பிடிப்பது.
சஸ்மில் எழுதி, அழித்து,
கஜீபன் எழுதி, அழித்து,
ஏழுக்கு நேரே தாளில் பஞ்சு எழும்பிவிட்டது.

பதினைந்து வயது.
போன மாரிக்கும் இந்த மாரிக்கும் இடையில்
நாலு அங்குலம் வளர்ந்த பிள்ளைகள்.
இன்னும் அஞ்சு வருசத்தில் எப்படி வருவான் என்று
பெற்றவளுக்கே தெரியாது.
எங்களுக்குப் பத்து மணிக்குள் தெரியவேணும்.

நான் ஒன்று சொல்லவில்லை.
போன சனி, பெனால்டி கோர்னர்.
கஜீபனின் அடி சஸ்மில் முழங்காலில் பட்டது.
எதிரணிப் பொடியனைத் தோளில் தாங்கி வெளியே போனவன்
ஐஸ்கட்டி தேடிக் கடைத்தெருவரைக்கும் ஓடிவிட்டான்,
கையில் மட்டையோடு.
பத்துப் பேரோடு ஆடி அவன் அணி தோற்றது.
இதை எந்தக் கட்டத்தில் போடுவது,
கூட்டலா, கழித்தலா?

மிஸ் பேனையை நீட்டுகிறா.
அழுத்தினேன். ஏழு ஓட்டையானது.

இஸ்ஸதீன் சேர் புதுத் தாள் கிழிக்கிறார்.
"முதல்ல இருந்து எழுதுவம்.
ஒண்டு ஆர்?"

ஒருவரும் உடனே சொல்லவில்லை.